சட்டவேலியும் தடையும்

யட்டவத்த மாத்தளை மாவட்டத்து ஊர்களுள் ஒன்று. அப்பெயரின் ஈற்றில் நிற்கும் 'வத்த' என்னும் சிங்களச் சொல் தோட்டத்தைக் குறிக்கும். தோட்டமென்றால் வேலி உண்டு. வேலியென்றால் அதனைக் கடக்கும் வழியும் உண்டு. இடையூற்றைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் 'ஹேர்டில்' என்னும் சொல்லும் வேலியிலிருந்து பிறந்ததே.

மெல்லிய கழிகளை முடைந்து செய்த வேலித்தட்டிக்கே முதலில் அப்பெயர் வழங்கிற்று. ஆடுகளை அடைக்க உதவிய அத்தட்டி, தமிழர் 'படல்' என்பதனோடு ஏறத்தாழ ஒக்கும். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து மாணவர் அத்தகைய தட்டிகளை நிலத்தில் நாட்டித் தாண்டி ஓடினர். அதிலிருந்து வளர்ந்த ஓட்டத்தைத் தமிழ்நாட்டார் 'தடை தாண்டும் ஓட்டம்' என்பர். இலங்கைத் தமிழர் 'சட்டவேலி ஓட்டம்' என்பர்.

இவ்விரண்டனுள் சட்டவேலி என்பது நுட்பமான ஆக்கம். தடை வழியை மறிப்பது; சட்டவேலியோ தாண்டப்படுதற்கென்றே வைக்கப்படுவது. 400 மீற்றர் ஓட்டத்தில் பத்து வேலிகள் உள. முதலாவது 45 மீற்றர் தொலைவிலும், ஏனையவை 35 மீற்றருக்கு ஒன்றாகவும் நிற்கும். ஆடவர்க்குரிய உயரம் 91.4 சென்ரிமீற்றர். தற்செயலாகக் கால்பட்டு ஒரு வேலி சாய்ந்தாலும் அதற்காக ஓடுபவன் விலக்கப்படான். மாத்தளைக்கு அயலிலுள்ள கண்டியில், திரித்துவக் கல்லூரியிற் பயின்ற டங்கன் வைட், 1948இல் இலண்டன் ஒலிம்பிக்கில் இவ்வோட்டத்தை 51.8 விநாடியில் முடித்து வெள்ளிப் பதக்கம் பெற்றார். இலங்கை பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே.

ஆகவே, அளவும் இடமும் முன்னரே தெரிந்த இடையூற்றுக்கே 'ஹேர்டில்' என்னும் சொல் நன்கு பொருந்தும். பரீட்சை அத்தகையது. ஒருமுறை தவறியவன் மீண்டும் எழுதலாம். அதனைத் தடையென்று எண்ணி மாணவன் மனந்தளர வேண்டியதில்லை.

மறுபுறத்தில், மலைநாட்டுப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் கற்பிக்க ஆசிரியரே இல்லையாயின், அக்குறையைச் சட்டவேலி என்பது பொருந்தாது. அங்ஙனம் சொன்னால், தாண்டாத குற்றம் பிள்ளையின் தலையில் விழும். அது தடை, அதனை நீக்கும் பொறுப்பு பெரியோரைச் சார்ந்தது.

இவ்விரண்டையும் ஒரே சொல்லால் வழங்கினால், பயிற்சி வேண்டிய இடம் எது, உதவி வேண்டிய இடம் எது என்பது மறைந்துபோகும்.