ஒருநாள் தானே?



கல்லாற்றிலிருந்து பொன்முடிக்கு ஏறும் மலைப்பாதையில் 22 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. சுற்றுலா வருவோர்க்கு அவை கண்ணுக்கு விருந்து. மேலே தேயிலைத் தோட்ட லயங்களில் வாழும் பிள்ளைகளுக்கோ, அவை மேல்வகுப்புப் படிப்பிற்காக விதுரா வரை இறங்கி ஏறவேண்டிய வழி. ஆனி, ஆடி மழையில் மரம் சாய்ந்தால் பேருந்து நின்றுவிடும். யானை வழிமறிக்கும் நாளும் உண்டு. ஆகவே தோட்டத்துத் தாய் தந்தையரைக் கடிந்துகொள்ள நாம் வரவில்லை. தவிர்க்க இயலாத நாட்கள் இருப்பதனாலேயே, தவிர்க்கக்கூடிய நாட்களை இழக்கலாகாது என்று சொல்லவே வந்தோம்.

"இன்று ஒருநாள் தானே!" என்கிறோம். கணக்கிட்டுப் பார்ப்போம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாட்களையேனும் வேண்டுகிறது. மாதம் இரண்டு நாள் நின்றால் பத்து மாதத்தில் இருபது நாள். படிப்பில் பத்தில் ஒரு பங்கு போயிற்று. அமெரிக்க நாட்டில் இந்த அளவு குறைந்தாலே கவலைக்குரியதெனப் பதிவு செய்கின்றனர்.

வகுத்தல் கற்பித்த நாளில் வராத பிள்ளை, பின்னம் வரும்போது திகைக்கிறது. திகைப்பு வெட்கமாகிறது; வெட்கம் மறுநாளும் வீட்டில் நிறுத்துகிறது. வெளிமாநிலத் தமிழர்க்கு இதில் இன்னொரு இழப்பும் உண்டு. வீட்டில் தமிழ்; பல பள்ளிகளில் மலையாளமோ கன்னடமோ மராத்தியோ. விட்டுப்போன பாடத்தைத் தோழியின் ஏட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். காதால் கேட்டுப் பழகவேண்டிய மொழியை அவ்வாறு எழுதிக்கொள்ள இயலுமோ?

பிள்ளைகள் நிற்பதற்குரிய காரணங்களை நாம் அறிவோம். தாய் கொழுந்து பறிக்கச் செல்ல, கைக்குழந்தையைப் பார்க்க மூத்த பெண் நிறுத்தப்படுகிறாள். அங்கன்வாடியிலோ, வயது முதிர்ந்த உறவினரிடமோ குழந்தையை விட வழி செய்வோம். ஒருவருக்கும் முடியாத நாளில் அந்தச் சுமை மகளுக்கு மட்டும் உரியதன்று, தந்தையும் பங்கேற்கட்டும்.

அடுத்தது ஊர்ப்பயணம். பொங்கலுக்குத் திருவனந்தபுரம் உள்ளிட்ட ஆறு மாவட்டங்களில் கேரள அரசு விடுமுறை அளிக்கிறது. அந்த ஒருநாளை நாம் பத்து நாளாக நீட்டிவிடுகிறோம். குலதெய்வத்தையும் உறவையும் மறக்கச் சொல்லவில்லை. சித்திரைக் கொடைக்கும் ஓணத்திற்கும் பள்ளி விடுமுறை உண்டு. குடும்பத்தோடு அப்போது செல்வோம். ஆடிக் கொடைக்குப் பெரியவர் ஒருவர் சென்று வந்தால் போதாதா?

வேலை தேடி இடம் மாறுவோர், மாற்றுச் சான்றிதழ் வரவில்லையென்று பிள்ளையை வீட்டில் வைத்துக் காத்திருக்க வேண்டியதில்லை. சான்றிதழ் தாமதமாவதைக் காட்டி, 14 வயது வரையுள்ள பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் இடம் மறுக்கலாகாது என்று அதே சட்டம் கூறுகிறது. இடையில் நின்ற பிள்ளையையும் வயதிற்குரிய வகுப்பில் சேர்த்து, தனிப்பயிற்சி அளிக்கவேண்டும். இதை அக்கம்பக்கத்தார்க்கும் சொல்லுங்கள்.

இரவே பையை அடுக்கிவைப்பதும், நேரத்தோடு உறங்கச் செய்வதும், பிள்ளை நின்ற காரணத்தை ஆசிரியரிடம் மறையாது சொல்வதும் எழுத்தறியாத பெற்றோரும் செய்யக்கூடியவை. "இன்று என்ன சொல்லித் தந்தார்கள்?" என்று மாலையில் கேட்கும் தாயின் குரலே பாதிப் பள்ளிக்கூடம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இதே மாவட்டத்தின் ஊருட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்னும் சிறுமியை அய்யன்காளி அழைத்துச் சென்றார். ஒடுக்கப்பட்ட குலத்துப் பெண் உடன் அமர்வதைப் பொறாதோர் அப்பள்ளிக்குத் தீ வைத்தனர். இன்று அப்பள்ளி அவ்விருவரின் பெயரையே தாங்கி நிற்கிறது. ஒருநாள் அமர்வதற்கு அன்று அத்தனை விலை கொடுத்தார்கள். அந்த ஒருநாளை நாம் எளிதாக விட்டுவிடலாமா?