நீரிலும் நிலத்திலும் செல்லும் வண்டி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இசையரங்கிற்கும் நாடகத்திற்கும் இடையே ஒரு யந்திரத்தைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளார்கள். பாட்டுக்குக் காத்திருக்கும் சபையில் யந்திரத்தைப் பற்றிப் பேசுகிறவன் சுருங்கப் பேச வேண்டும் என்பதை அறிவேன். ஆயினும் பொருள் நமக்குப் புதிதன்று. தெற்கே பிறந்து வடக்கே வாழும் நாம் இரண்டு நிலங்களில் ஓடிப் பழகியவர்கள். நான் சொல்லவிருப்பதும் இரண்டிடத்தில் ஓடும் ஒரு வண்டியின் கதையே.

தேர் கடலில் ஓடாது, கப்பல் நிலத்தில் ஓடாது என்பது வள்ளுவர் வாக்கு. ஓடம் ஒரு நாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒரு நாள் ஓடத்தில் ஏறும் என்பது நம் பாட்டிமார் பழமொழி. வண்டியே ஓடமாகிவிட்டால் என்ன என்று கேட்டவர்கள் இரண்டாம் உலகப் போர்க் காலத்து யந்திர நிபுணர்கள். அதே கேள்வியை என்னிடம் கேட்டவர்கள் நம் குடியிருப்பைச் சேர்ந்த நான்கு கல்லூரி மாணவர்கள்.

2023-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 13-ஆம் தேதி பழைய இரும்புப் பாலத்தருகே யமுனையின் நீர்மட்டம் 208.66 மீட்டரை எட்டியது. 1978-ஆம் ஆண்டு வெள்ளத்தின் 207.49 மீட்டர் என்ற கணக்கை அது மீறிவிட்டது. செங்கோட்டையின் பின்புறச் சாலை ஆறாயிற்று. காஷ்மீரி கேட் பகுதியில் படகு ஓடியது. வெள்ளம் வடிந்த சில நாட்களில் இந்நால்வரும் என் வீட்டிற்கு வந்தனர். "மாமா, உலகப் போரில் அமெரிக்கர்கள் நீரில் மிதக்கும் ஜீப் செய்தார்களாமே! மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தையில் ஜீப்பின் உறுப்புக்கள் எல்லாம் கிடைக்கும். தகடு வாங்கி அதைப் போலவே ஒன்று செய்துவிடலாம். அடுத்த வெள்ளத்தில் யமுனையில் இறக்கி நாலு பேரைக் காப்பாற்றலாம்" என்றார்கள்.

பிள்ளைகளின் நெஞ்சம் நல்ல நெஞ்சம். ஆனால் என் நெஞ்சம் துணுக்குற்றது. 'கூடாது' என்று ஒரு சொல்லில் அனுப்பியிருப்பேன். அப்படி அனுப்பியிருந்தால் என் முதுகுக்குப் பின்னே செய்திருப்பார்கள். ஆகவே, "முதலில் ஐந்தில் ஒரு பங்கு அளவில் மாதிரி ஒன்று செய்யுங்கள். அது மிதந்தால் மேற்கொண்டு பேசுவோம்" என்றேன்.

அவர்கள் மனங்கவர்ந்த அவ்வண்டியின் வரலாறு கேட்கத்தக்கது. அதன் பெயர் போர்டு ஜி.பி.ஏ. ஜீப்பின் யந்திரத்தையும் சக்கரங்களையும் வைத்துக்கொண்டு, உடலை மட்டும் படகாக மாற்றினார்கள். படகின் வடிவத்தை வகுத்தவர்கள் நியூயார்க் நகரின் புகழ்பெற்ற பாய்மரப் படகு நிபுணர்களான ஸ்பார்க்மன் அண்ட் ஸ்டீபன்ஸ் நிறுவனத்தார். பின்புறத்தில் ஒரு சுழல்விசிறி, ஒரு சுக்கான், உள்ளே புகும் நீரை இறைக்க ஒரு பம்பு, முன்புறத்தில் அலையைத் தடுக்க மடக்கும் பலகை ஒன்று. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் 12,778 வண்டிகள் செய்தார்கள். கடலுக்கேற்ற ஜீப் என்பதால் சிப்பாய்கள் அதற்குச் 'சீப்' என்று செல்லப் பெயரிட்டார்கள்.

செல்லப் பெயர் நிலைத்தது, வண்டி நிலைக்கவில்லை. காரணம் யாதெனில், எடை ஏறத்தாழ 1,200 கிலோவாக இருக்க வேண்டும் என்று எண்ணித் தொடங்கினார்கள்; முடிந்தபோது அது 1,600 கிலோவாக இருந்தது. எடை கூடிய அளவிற்குப் படகின் கொள்ளளவைக் கூட்டவில்லை. அமைதியான ஆற்றில் அது நன்றாகவே சென்றது. சிறிது அலை எழுந்தாலும் விளிம்பைத் தாண்டி நீர் உள்ளே புகுந்தது. 1943-இலேயே உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். பெரும்பகுதி வண்டிகள் சோவியத் ரஷ்யாவிற்குச் சென்றன. ஆறுகள் மலிந்த அந்நாட்டார்க்கு அது பயன்பட்டது. போருக்குப் பின் 1950-களில் அதைப் போலவே தாங்களும் 'காஸ்-46' என்ற வண்டியைச் செய்துகொண்டார்கள்.

அதே படகு நிபுணர்கள் வடிவம் வகுத்த 'டக்' என்னும் பெரிய லாரியோ பெருவெற்றி பெற்றது. ஏறத்தாழ 21,000 லாரிகள் செய்யப்பட்டன. 1942 டிசம்பரில் அமெரிக்காவின் கேப் காட் கடற்கரையில் காவற்படகு ஒன்று புயலில் மணல் திட்டில் ஏறிச் சிக்கியது. வேறு படகு எதுவும் நெருங்க முடியாத வேளையில், சோதனைக்காக அங்கு வந்திருந்த 'டக்' ஒன்று கடலில் இறங்கி எழுவரையும் மீட்டு வந்தது. இதற்கு உடல் பெரிது, விளிம்பு உயரம். இரண்டு வண்டிகளின் கதியையும் முடிவு செய்தது அந்த வேறுபாடே.

தாய்மார்களும் குழந்தைகளும் அஞ்ச வேண்டா. இதில் உள்ள கணக்கு சமையலறைக் கணக்குதான். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை விலக்குகிறது. ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. அந்த ஜீப்பின் நீளம் சுமார் 4.6 மீட்டர், அகலம் 1.6 மீட்டர். அதை ஒரு நீள்பெட்டியாக எண்ணிக்கொண்டால், ஒரு சென்டிமீட்டர் ஆழம் அமிழும்போது அது விலக்கும் நீர் ஏறக்குறைய 74 லிட்டர். அதாவது ஓர் ஆள் ஏறினால் வண்டி ஒரு சென்டிமீட்டர் அமிழும்! கூடிப்போன 400 கிலோவிற்கு ஐந்தரைச் சென்டிமீட்டர். முன்பக்கம் சரிந்திருப்பதாலும், சக்கரங்களுக்கு இடம் விட்டிருப்பதாலும், உண்மையில் அமிழ்வது இதனினும் மிகுதி. விளிம்பு தாழ்ந்த படகிற்கு ஐந்தரைச் சென்டிமீட்டர் என்பது உயிருக்கும் இறப்பிற்கும் இடையே உள்ள தூரம்.

ஐந்தில் ஒரு பங்கு மாதிரி என்றால் எடையும் ஐந்தில் ஒன்று என்று பிள்ளைகள் எண்ணினார்கள். அப்படியன்று. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஐந்தில் ஒன்றாகக் குறைவதால் எடை 125-இல் ஒன்றாக வேண்டும். 1,200 கிலோவிற்கு ஈடு 9 கிலோ 600 கிராம். நோட்டுப் புத்தகத்தின் முதற்பக்கத்தில் அதனைப் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டார்கள்.

தகட்டிற்குக் காலி நெய் டின்களைக் கொணர்ந்தார்கள். அதைக் கண்டபோது எனக்கு ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. நம் சேனையில் பி.டி.-76 என்னும் சோவியத் நாட்டு மிதவை டாங்கி இருந்தது. எடை சுமார் 14 டன். ஆயினும் நீரில் மிதக்கும். 1971 நவம்பரில் கரீப்பூரில் நடந்த போரில் 45-ஆம் குதிரைப்படைப் பிரிவினர் அதைக் கொண்டே போரிட்டார்கள். பஞ்சாபிச் சிப்பாய்கள் அதற்கு இட்ட பெயர் 'பிப்பா', அதாவது காலி நெய் டின். நம் 'பீப்பாய்'க்கும் வடநாட்டாரின் 'பீப்பா'வுக்கும் போர்த்துகீசிய மொழியே தாய்வீடு. கப்பலில் வந்த ஒரு சொல் தென்னாட்டில் எண்ணெய்க்கும், வடநாட்டில் நெய்க்கும், போர்க்களத்தில் டாங்கிக்கும் பெயராயிற்று.

நான்கு மாதம் உழைத்தார்கள். டின்னை வெட்டி விரித்து, மரச்சட்டத்தின்மேல் வளைத்து, ஈயம் வைத்து ஒட்டினார்கள். சுழல்விசிறியின் தண்டு படகின் சுவரைத் துளைத்து வெளிவரும் இடமே அவர்களுடைய பெருங்கவலை. சிறு குழாய் பொருத்தி, கிரீஸ் தோய்த்த நூலைச் சுற்றி அடைத்தார்கள். இதற்கே மூன்று வாரம் சென்றது.

முடிந்த மாதிரியைத் தராசில் வைத்தோம். 14 கிலோ!

எங்கிருந்து வந்தது இத்தனை எடை? ஒருவன், வலிமை வேண்டுமென்று பெரிய பாட்டரி வைத்திருந்தான். ஒருவன் ஈயத்தைத் தாராளமாக ஊற்றியிருந்தான். ஒருவன் வர்ணத்தை மூன்று முறை பூசியிருந்தான். இன்னொருவன் அழகுக்காக இரும்பு நங்கூரம் ஒன்று மாட்டியிருந்தான். ஒவ்வொருவனும் 'கொஞ்சம்தானே' என்றே சேர்த்தான். மயிலிறகே ஆனாலும் மிகுதியாக ஏற்றினால் அச்சு முறியும் என்று 'வலியறிதல்' அதிகாரத்தில் வள்ளுவர் எச்சரித்ததை அன்று தராசு எங்களுக்கு உரைத்தது. போர்டு வண்டிக்கு நேர்ந்த பிழையே, 80 ஆண்டுகள் கழித்து, தில்லியில் ஒரு மொட்டைமாடியில் தவறாமல் நகல் எடுக்கப்பட்டிருந்தது! வண்டியை நகல் செய்யப் புறப்பட்டவர்கள் அதன் குற்றத்தையும் நகல் செய்துவிட்டார்கள்.

நகருக்கு வெளியே நண்பர் ஒருவரின் பண்ணையில் உள்ள நீர்த்தொட்டியில் அதை இறக்கினோம். மிதந்தது. கைதட்டினார்கள். 70 கிலோ எடையுள்ள மனிதனுக்கு ஈடாக 560 கிராம் மணல் மூட்டை ஒவ்வொன்றாக ஏற்றினோம். மூன்று ஏறும்வரை தாங்கியது. நால்வரும் குனிந்து தண்டின் அடைப்பையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சொட்டு நீரும் அங்கே கசியவில்லை. நான்காவது மூட்டையை வைத்த வேளையில், பண்ணையாளின் சிறுமகள் விளையாட்டாகத் தொட்டியில் கையால் அளைந்தாள். சிற்றலை ஒன்று எழுந்து பின்புற விளிம்பைத் தாண்டியது. அவ்வளவே. வண்டி அம்மிக்குழவி போல அடியில் போய் அமர்ந்தது. காத்த இடம் கீழே. நீர் வந்த இடமோ மேலே.

நீண்ட நேரம் ஒருவரும் பேசவில்லை. பின் அவர்களில் இளையவன், "மாமா, அந்த மூட்டைகள் ஆட்களாக இருந்திருந்தால்..." என்று தொடங்கி, முடிக்காமல் நிறுத்திக்கொண்டான். நான் சொல்ல எண்ணியிருந்த அறிவுரை முழுவதும் அந்த முடியாத வாக்கியத்தில் அடங்கிவிட்டது. தொட்டி நீருக்கு ஓட்டம் இல்லை. வெள்ள நீருக்கோ ஓட்டமும் உண்டு, சுழலும் உண்டு, மறைந்து நிற்கும் கம்பியும் கம்பமும் உண்டு. அன்றியும், பதிவுச் சான்றில் கண்டதற்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிப்பதில்லை. உயிரைக் காக்கச் செல்கிறவன் முதலில் தான் ஒரு சுமையாகாமல் இருக்க வேண்டும்.

அப்படியானால் அந்த ஜீப்பில் ஒருவரும் கடலைக் கடந்ததில்லையா என்று கேட்பீர்கள். கடந்தவர் ஒருவர் உண்டு. அந்த எண்ணம் அவருக்கு உதித்தது நம் நாட்டில்தான். பென் கார்லின் என்னும் ஆஸ்திரேலியர். போரின்போது இந்தியச் சேனையில் பொறியியல் அதிகாரியாகப் பணிபுரிந்தவர். 1946-இல் வங்காளத்தில் கலாய்குண்டா விமான தளத்தில் கேட்பாரற்று நின்ற ஜி.பி.ஏ. ஒன்றைக் கண்டு, இதிலேயே உலகைச் சுற்றலாம் என்றார். உடனிருந்தவர் நம்பவில்லை. 1947-இல் அமெரிக்காவில் அத்தகைய வண்டி ஒன்றை வாங்கித் தம் கையாலேயே மாற்றி அமைத்தார். மேலே மூடிய அறை எழுப்பினார்; முகப்பை நீட்டினார்; எண்ணெய்த் தொட்டிகள் சேர்த்தார். பெட்ரோல் நீரினும் இலேசானது. நிறைந்த தொட்டியும் மிதக்கும். ஆகவே ஒரு தொட்டியைப் பின்னால் கட்டி இழுத்துச் சென்றார்.

அவர் முதல் முயற்சியிலேயே வென்றாரல்லர். ஒருமுறை புகை உள்ளே கசிந்து உயிருக்கே ஆபத்தாயிற்று. ஒருமுறை சுழல்விசிறி பழுதாகி நடுக்கடலில் மிதந்து, எண்ணெய்க் கப்பல் ஒன்றால் மீட்கப்பட்டார். ஒவ்வொரு முறையும் கரைக்குத் திரும்பிப் பிழையைத் திருத்திக்கொண்டார். 1950 ஜூலையில் மனைவி எலினோருடன் கனடாவின் ஹாலிபாக்ஸ் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டு, ஏறத்தாழ ஒரு மாதத்தில் அசோர்ஸ் தீவுகளை அடைந்தார். பின்னர்க் கல்கத்தா வழியாகவும் சென்று, 1958-இல் கனடா திரும்பி உலகச் சுற்றை முடித்தார். 'ஹாப்-சேப்', அதாவது 'பாதிப் பத்திரம்' என்று தம் வண்டிக்குப் பெயர் வைத்திருந்தார். தம் நிலையை அவர் அறிந்தே இருந்தார். அவ்வண்டி இன்றும் பெர்த் நகரில் அவர் பயின்ற பள்ளியில் உள்ளது. சேனை கைவிட்ட வண்டியை அவர் அப்படியே நகல் செய்யவில்லை. அதன் குறையை அறிந்து திருத்தினார். துணிவு என்று நாம் போற்றுவதில் பெரும்பகுதி பொறுமையான கணக்கே என்பதை அவர் கதை காட்டுகிறது.

நம் பிள்ளைகளும் திருத்தினார்கள். நங்கூரம் போயிற்று, பாட்டரி சிறுத்தது, வர்ணத்தைச் சுரண்டினார்கள், விளிம்பை மூன்று விரற்கடை உயர்த்தினார்கள். எடை 11 கிலோவாக இறங்கிற்று. நான்கு மூட்டைகளோடு, அச்சிறுமி இரு கைகளாலும் அளைந்தபோதும், அது மிதந்தது. யமுனையில் இறக்கும் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை. இருவர் நீச்சல் கற்கச் சேர்ந்திருக்கிறார்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு அவர்கள் இளமையில் உழைத்து ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பிரித்துப் பூட்டியே யந்திரக் கல்வி பெற்றார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டினார். நம் வீட்டுப் பிள்ளை பழைய மின்விசிறியைப் பிரித்தால் கடிந்துகொள்ளாதீர்கள். ஒரு தராசும் ஒரு நோட்டுப் புத்தகமும் வாங்கிக் கொடுங்கள். வீட்டுத் தொட்டியில் மூழ்குவது ஆற்றில் மூழ்குவதைத் தடுக்கும்.

அந்த நெய் டின் வண்டி இம்மண்டபத்தின் வாசலருகே மேசைமேல் இருக்கிறது. பக்கத்தில் தராசும் மணல் மூட்டைகளும் உள்ளன. குழந்தைகள் தாராளமாகத் தொட்டுப் பார்க்கலாம், தூக்கிப் பார்க்கலாம். சுரண்டிய வர்ணத்தின் தழும்பு இன்னும் தெரிகிறது; அதை மறைக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.