ஐப்பசியில் ஊட்டி போனோம்

எனக்கு மேடைப் பேச்சு வராது. போன ஐப்பசியில் எங்க குழுவுல 12 பேர் ஊட்டி போனதைச் சொல்லச் சொன்னாங்க, சொல்றேன்.

கல்யாணமாகி 14 வருசம். பிரசவம், துக்கம் தவிர ஒரு ராத்திரி நான் வெளியே தங்கினதில்லை. "சோறு யார் பொங்குறது?"ன்னு வீட்டுக்காரர் கேட்டார். மாமியார்தான், "நான் பொங்கிக்கிறேன், நீ போ"ன்னாங்க.

மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறினோம். 1908லேயே ஊட்டி வரை போட்ட பாதை, 46 கிலோமீட்டர். கல்லாறு தாண்டினதும் நடுவுல இருக்கிற பல் தண்டவாளத்தைப் பல்சக்கரம் கவ்விக் கவ்வி ஏறுது. ஐப்பசி மழையில் மண் சரிஞ்சா ரயிலை நிறுத்திடுவாங்களாம். எங்களுக்கு நல்ல நேரம். வழியில 16 குகை. ஒண்ணு விடாம கத்தினோம். வீட்டுல அப்படிக் கத்த முடியுமா?

தாவரவியல் பூங்காவுல மத்தவங்க பூ பார்த்தாங்க. நான் ஈர பெஞ்சுல உட்கார்ந்துட்டேன். பனிமூட்டத்துல எதிர் மரம்கூடத் தெரியலை. தண்ணி கொண்டான்னு யாரும் கூப்பிடலை. ஒரு மணி நேரம் சும்மாவே இருந்தேன்.

மாமியாருக்கு வர்க்கி வாங்கிட்டு வந்தேன். டீயில நனைச்சுத் தின்னுட்டு, "அங்க ரொம்பக் குளிருமா?"ன்னு கேட்டாங்க. வர்ற ஐப்பசிக்கு அவங்க பேரையும் எழுதியாச்சு. வாரம் 20 ரூபாய் தனியாப் போட்டுட்டு வர்றேன்.