போதும் என்ற மனமும் நம்பிக்கையும்
(கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஓய்வு பெற்ற பிறகு படிப்பதற்கு நிறைய நேரம் கிடைக்கிறது. சமீபத்தில் மூன்று புத்தகங்களை அடுத்தடுத்துப் படித்தேன். மூன்றும் பழைய புத்தகங்கள்தான். எளிமையாக வாழ்வதைப் பற்றி அவை என் மனதில் எழுப்பிய எண்ணங்களை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலாவது, அமெரிக்கரான தோரோ 1854இல் வெளியிட்ட 'வால்டன்'. 1845 ஜூலை 4ஆம் தேதி அவர் ஓர் ஏரிக்கரையில் தாமே கட்டிய குடிலில் குடியேறினார். இரண்டு வருஷத்துக்கும் சற்று அதிகமாக அங்கே வாழ்ந்தார். பலகை, ஆணி, சுண்ணாம்பு என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு எழுதி, குடிலுக்கு ஆன மொத்தச் செலவு 28 டாலர் 12½ சென்ட் என்கிறார். காலை வேளைகளில் நம் பகவத் கீதையை அங்கே படித்ததாகவும் எழுதியிருக்கிறார். படிக்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் அவர் கல்யாணம் ஆகாதவர். பெண்ணின் விவாகம், பிள்ளையின் படிப்பு என்ற கவலைகள் அவருக்குக் கிடையாது. குடும்பஸ்தன் என்ன செய்வது?

அதற்கு விடை தேடித்தான் காந்திஜியின் 'சத்திய சோதனை'யை மறுபடி எடுத்தேன். தென்னாப்பிரிக்காவில் வக்கீலாக இருந்தபோது, பல் துலக்கும் நேரத்தில் கீதை சுலோகங்களைச் சுவரில் ஒட்டி வைத்து மனப்பாடம் செய்தாராம். 13 அத்தியாயங்கள் பாடமாயின. அபரிக்ரஹம், ஸமபாவம் என்ற இரண்டு சொற்கள் அவரைப் பிடித்துக்கொண்டன. அதன் விளைவு என்ன தெரியுமா? பம்பாயில் எடுத்திருந்த 10,000 ரூபாய் ஆயுள் இன்ஷூரன்ஸ் பாலிசியைக் காலாவதியாக விட்டுவிடும்படி எழுதிவிட்டார். மனைவி மக்களைப் படைத்தவன் அவர்களைக் காப்பான் என்பது அவர் நம்பிக்கை.

அந்த அத்தியாயம் என்னை உலுக்கிவிட்டது. காரணம், நான் 34 வருஷம் ஆயுள் இன்ஷூரன்ஸ் துறையில் வேலை பார்த்தவன். குடும்பத் தலைவர் திடீரென்று காலமான வீடுகளுக்குக் காசோலையோடு போயிருக்கிறேன். அந்தப் பணத்தால் படித்து முன்னுக்கு வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆகவே காந்திஜி செய்ததை எல்லோரும் செய்யலாம் என்று என்னால் சொல்ல முடியாது. அதே சமயம், ஏழெட்டு பாலிசிகள் எடுத்தும் நிம்மதியாகத் தூங்காதவர்களையும் பார்த்திருக்கிறேன். பொறுப்பினால் சேர்ப்பது வேறு, பயத்தினால் சேர்ப்பது வேறு. பொறுப்புக்கு ஓர் அளவு உண்டு. பயத்துக்கு அளவே கிடையாது.

மூன்றாவது, ரா. கணபதி அவர்கள் ஏழு பாகங்களாகத் தொகுத்த காஞ்சி மஹா ஸ்வாமிகளின் 'தெய்வத்தின் குரல்'. கிருஹஸ்தனுக்கு உரிய வழி எனக்கு இங்கேதான் தெரிந்தது. எல்லாவற்றையும் துறந்துவிடு என்று பெரியவா நம்மிடம் கேட்கவில்லை. தினமும் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை ஏழைகளுக்கென்று எடுத்து வைக்கச் சொன்னார். பட்டும் காபியும் வரதட்சிணையும் வேண்டாம் என்றார். ஒரு பிடியை முதலில் எடுத்துவிட்டு, மிச்சம் நமக்குப் போதும் என்று அடுப்பை மூட்டுகிறோமே, அதுவே நம்பிக்கைதான். கையை இறுக மூடிக்கொண்டு எவ்வளவு ஸ்தோத்திரம் சொன்னாலும் அது பாதி நம்பிக்கைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கடைசியாக வீட்டு விஷயம் ஒன்று. வரும் தை மாதம் எங்கள் பேத்திக்கு விவாகம். பட்டுப் புடவை வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். மாலை வரவேற்பையும் விட்டுவிட்டு, மிச்சமாகும் தொகையில் வசதியில்லாத ஒரு மாணவனின் கல்லூரிச் சம்பளத்தைக் கட்டலாம் என்பது என் மனைவியின் யோசனை. வைதிகச் சடங்குகளில் ஒரு குறையும் இராது. சம்பந்தி வீட்டாரிடம் இதை நான்தான் பேச வேண்டும். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற தயக்கம் உள்ளுக்குள் இருக்கத்தான் இருக்கிறது. மூன்று புத்தகங்களைப் படித்தது பெரிதல்ல. அந்த ஒரு பேச்சை நான் எப்படிப் பேசப் போகிறேன் என்பதுதான் எனக்குப் பரீட்சை. உங்கள் வீடுகளிலும் இப்படி ஒரு பேச்சு காத்திருக்கலாம். தம்பதிகளாக உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள்.