வேலைக்குச் செல்வோரும் தன்விவரக் குறிப்பும்
(ஊராட்சி அங்கத்தினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



கிராமத்து வாலிபர் ஒருவர் வேலைக்கு மனுச் செய்ய நினைத்தால், முதலில் உங்களைத்தான் நாடி வருகிறார். 'பயோடேட்டா' எனப்படும் தன்விவரக் குறிப்பை ஜெராக்ஸ் கடையில் ஒரே மாதிரிப் பாரத்தில் பெயரை மட்டும் மாற்றி அச்சிட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அது பலருக்குப் பொருந்துவதில்லை.

அரசாங்க உத்தியோகத்துக்கு இக்கவலை இல்லை. தேர்வாணையம் வகுத்துள்ள விண்ணப்பத்தைப் பிழையின்றி நிரப்பினால் போதும். நாம் சொல்வது ஆலை, கம்பெனி, ஆஸ்பத்திரி முதலியவற்றைக் குறித்தே.

இடைவிடாது ஒரே தொழிலில் இருந்தவருக்குக் கால வரிசையே உகந்தது. திருப்பூர் பனியன் கம்பெனியில் உதவியாளாகச் சேர்ந்து, ஓவர்லாக் தையல் கற்று, மேற்பார்வையாளராக உயர்ந்தவர், கடைசியாக வகித்த பதவியை முதலில் எழுத வேண்டும். நம்மவர்களோ ஆதியிலிருந்து தொடங்குகிறார்கள். படிப்பவர் கண்ணில் 'உதவியாள்' என்பதே முதலில் படுகிறது!

சம்பளத்துக்கு வேலை பார்த்திராத சகோதரிகளின் நிலை வேறு. மகளிர் சுய உதவிக் குழுவில் எட்டு ஆண்டுகள் ரொக்கப் புத்தகமும் கடன் பேரேடும் தீர்மானப் புத்தகமும் எழுதி, வங்கிக்குச் சென்று கணக்கு முடித்து வந்த ஒருவர், 'அனுபவம்: இல்லை' என்று எழுதுவதை நாம் கண்டிருக்கிறோம். இது பெரும் அநியாயம். இத்தகையோர் தமக்குத் தெரிந்த பணிகளையே தலைப்பாக்கி முன்வைக்க வேண்டும். சுமார் 1482ஆம் ஆண்டில் மிலான் நகரின் லுடோவிக்கோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை வேண்டிக் கடிதம் வரைந்த லியனார்டோ டா வின்சியும் இவ்வழியையே கையாண்டார். பாலம் அமைத்தல், போர்க் கருவிகள் செய்தல் என்று இயன்றவற்றை வரிசைப்படுத்தி, ஓவியத்தைக் கடைசியில்தான் குறிப்பிட்டார். அக்காலத்தில் பிரபுவுக்கு வேண்டியது போர்க் கருவி அல்லவா!

ஆனால் திறமைகளை மட்டும் அடுக்கி ஆண்டுகளை விட்டுவிட்டால், முதலாளி எதையோ மறைப்பதாக ஐயுறுவார். ஆகவே மேலே திறமைகளும் கீழே சுருக்கமான ஆண்டு வரிசையுமாக இரண்டையும் கலந்து எழுதுவது நம்மவர் பலருக்கும் ஏற்றது என்பது நமது அபிப்பிராயம். தந்தையின் நோய் காரணமாக ஆலை வேலையை விட்டு ஊர் திரும்பியவர் அவ்விரண்டு ஆண்டுகளை ஒளிக்க வேண்டியதில்லை. '2022 முதல் 2024 வரை குடும்பக் காரணத்தால் ஊரில் இருந்து, சொந்த நிலத்தில் சாகுபடி. மோட்டார், சொட்டுநீர்க் குழாய் பராமரிப்பு' என்று எழுதட்டும். பண்ணைக் கருவி விற்கும் கம்பெனி அந்த வரியையே விரும்பிப் படிக்கக்கூடும். செய்யாததைச் சேர்க்க மட்டும் நீங்கள் இடங்கொடுக்கலாகாது. நேர்முகத்தில் இரண்டே கேள்விகளில் வெளிப்பட்டுவிடும்.

குறிப்பு ஒரு பக்கத்தில் அடங்கட்டும். ஆதார் எண்ணை அதில் எழுத வேண்டாம். வேலை உறுதியான பின் கேட்டால் காட்டலாம். செல்பேசி எண்ணை மட்டும் இருமுறை சரிபார்த்துக் கொடுங்கள்.