வீட்டையே பெயர்த்து வைத்த அரும்பொருளகம்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த குடும்பங்கள் பலவற்றில் இன்றும் ஒரு பழைய மங்கோ, துருப்பிடித்த பால் உளியோ, வாளி தொங்கிய காண்டாக் கம்போ எங்காவது ஒரு மூலையில் கிடக்கும். வாளி இருந்தால் அதில் மண்ணைக் கொட்டித் துளசி வைத்திருப்பார்கள். பேரப்பிள்ளை வந்து, "பாட்டி, இது என்ன?" என்று கேட்கும்போதுதான் அதைப் பற்றி யாராவது பேசுவார்கள். இத்தகைய பொருளுக்கு அரும்பொருளகத்தில் இடம் கிடைக்குமா? அரசனின் முடியையும் வாளையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதுதானே அரும்பொருளகத்தின் வேலை என்று வெகுகாலம் உலகமே நினைத்திருந்தது. அந்த எண்ணம் மாறிய கதையைத்தான் இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

முதலில் ஒரு வேடிக்கைக் கொட்டகையிலிருந்து தொடங்குவோம். 1822ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்தில் டகேர் என்ற ஓவியர் தம் கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து 'டயோரமா' என்னும் காட்சிசாலையைத் திறந்தார். பெரிய மெல்லிய துணியின் இரு பக்கமும் ஓவியம் தீட்டி, முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் காட்டுவார்கள். பட்டப்பகலில் தெரிந்த கோயில் கண்முன்னே இருண்டு, இரவாகி, விளக்கேற்றிக்கொள்ளும். மக்கள் அமர்ந்திருந்த மேடையே சுழன்று அவர்களை அடுத்த படத்துக்குத் திருப்பிவிடும். 1839இல் அந்தக் கொட்டகை தீப்பற்றி எரிந்து போயிற்று. அதே ஆண்டில் புகைப்படம் எடுக்கும் தம் முறையை வெளியிட்டு டகேர் உலகப் புகழ் பெற்றார். கொட்டகை போனாலும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. பின்னால் வரைந்த காட்சி, முன்னால் உண்மையான மண்ணும் செடியும் உருவங்களும் என்று அமைத்த காட்சிக்கு இன்று டயோரமா என்றே பெயர்.

இனி சுவீடன் நாட்டுக்குச் செல்வோம். குளிர் மிகுந்த வடதேசம். 1860களின் இறுதியில் அங்கே விளைச்சல் பொய்த்துப் பஞ்சம் வந்தது. பிழைப்புத் தேடி ஆயிரக்கணக்கானோர் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். 1930 வரை கணக்கிட்டால் அப்படிப் போனவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். ஊரிலேயே தங்கியவர்களின் வாழ்க்கையும் முன்போல் இருக்கவில்லை. ரயில் வந்தது; ஆலையில் நெய்த மலிவுத் துணி வந்தது; பெட்டியில் இருந்த பழைய உடைகள் கந்தலுக்குப் போயின.

இந்த நேரத்தில், 1872ஆம் ஆண்டு, ஆர்ட்டர் ஹசீலியஸ் என்ற ஆசிரியர் தம் மனைவியுடன் டாலர்னா என்ற மாவட்டத்துக்குப் பயணம் போனார். மொழி ஆராய்ச்சியில் ஈடுபாடு கொண்டவர் அவர். பழைய வழக்கங்கள் கண்ணெதிரே கரைந்து போவதைக் கண்டு, அங்கே ஒரு குடியானவப் பெண்ணின் கம்பளிப் பாவாடையை விலைக்கு வாங்கினார். அவருடைய சேகரிப்பில் முதல் பொருள் அதுதான் என்பார்கள். பொன்னும் வெள்ளியும் தேடிப் போகாமல், பெண் உடுத்திக் கழற்றிய பாவாடையில் ஒரு மனிதர் தொடங்கினார் என்பது நமக்கு மிகவும் பிடித்த செய்தி.

அடுத்த ஆண்டே ஸ்டாக்ஹோம் நகரத்தில் அவர் ஒரு காட்சிசாலையைத் திறந்தார். பொருள்களை வரிசையாக அடுக்கிச் சீட்டு ஒட்டி வைத்தால் யாருக்கும் அவை மனத்தில் நிற்பதில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் ஒரு பக்கச் சுவரில்லாத அறைகளை நாடகமேடைபோல் அமைத்தார். உள்ளே அடுப்பு, கட்டில், தொட்டில் என்று உண்மையான வீட்டுச் சாமான்கள். அவற்றினிடையே உண்மையான உடை உடுத்திய மனித உருவங்கள். 1878இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு அப்படிப்பட்ட காட்சிகளைக் கொண்டுபோனார். அவற்றுள் ஒன்றில், இறந்துபோன சின்னஞ்சிறு பெண்குழந்தையைச் சுற்றிக் குடும்பத்தார் துயரத்தோடு இருப்பார்கள். அமாலியா லிண்டெகிரென் என்ற பெண் ஓவியர் வரைந்த படத்தைப் பின்பற்றி அமைத்தது அது. சுவீடனையே அறியாத பாரிஸ் மக்களுக்கும் அந்தத் தாயின் முகம் விளங்கியது. அங்கே அதைக் கண்டு மனம் தூண்டப்பட்டவர்களில் டென்மார்க்கின் பெர்ன்ஹார்ட் ஓல்சென் ஒருவர். ஊர் திரும்பி, 1885இல் கோப்பன்ஹேகனில் ஒரு மக்கள் அரும்பொருளகத்தைத் தொடங்கினார்.

ஆனால் ஹசீலியஸுக்கு அறை போதவில்லை. வீடு வேண்டும் என்றார்.

வீட்டை எப்படி ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோவது என்று நீங்கள் கேட்கலாம். நம் கல்வீட்டைப் பெயர்த்தால் மிஞ்சுவது செங்கல் குவியல்தான். அந்த நாட்டு வீடுகளோ மரத்தால் ஆனவை. முழு மரங்களைக் கிடையாக அடுக்கி, மூலைகளில் ஒன்றுக்குள் ஒன்று வெட்டிப் பொருத்தியிருப்பார்கள். ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டுக் கழற்றி, வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய், அதே எண் வரிசையில் மறுபடியும் அடுக்கிவிடலாம். இந்த முயற்சி வடநாடுகளில் முதலில் தோன்றியதற்கு அங்குள்ள தச்சர்களின் வேலைமுறையும் ஒரு காரணம் என்றே நாம் கருதுகிறோம்.

இதில் ஹசீலியஸுக்கும் முந்திய ஒருவர் உண்டு. சுவீடனுக்கும் நார்வேக்கும் ஒரே அரசராக இருந்த இரண்டாம் ஆஸ்கார், 1881இல் இன்றைய ஆஸ்லோ நகரத்துக்கு அருகே தம் தோட்டத்தில் பழைய மரக்கட்டடங்களைச் சேர்க்கத் தொடங்கினார். கோல் என்ற ஊர்மக்கள் புதுத் தேவாலயம் கட்டிக்கொண்டு பழையதை இடிக்க இருந்தபோது, சுமார் 1200ஆம் ஆண்டளவில் எழுந்த அந்த மரத் தேவாலயம் பெயர்க்கப்பட்டு அங்கே வந்து சேர்ந்தது.

அது அரசரின் சேகரிப்பு. பொதுமக்களுக்கென்று பெரிய அளவில் இதைச் செய்தவர் ஹசீலியஸ். நன்கொடை கேட்டுக் கேட்டுப் பணம் திரட்டி, 1891 அக்டோபர் 11ஆம் நாள் ஸ்டாக்ஹோமில் ஒரு குன்றின்மேல் 'ஸ்கான்சென்' என்ற திறந்தவெளி அரும்பொருளகத்தைத் திறந்து வைத்தார். சிறு கோட்டை என்பது அச்சொல்லின் பொருள். டாலர்னாவின் மோரா ஊரிலிருந்து வந்த வீடு அங்கே முதலில் நின்றவற்றுள் ஒன்று. பிறகு கொல்லன் பட்டறை, காற்றாலை, பள்ளிக்கூடம், கடை என்று சேர்ந்துகொண்டே போய், இன்று ஏறக்குறைய 150 கட்டடங்கள் இருக்கின்றன. அடுப்பில் நெருப்பு எரியும். அந்தக் காலத்து உடையில் ஒரு பெண் ரொட்டி சுடுவார். ஹசீலியஸ் 1901இல் அங்கேயே காலமானார்; அவரை அடக்கம் செய்ததும் அங்கேயேதான்.

அதற்குப் பக்கத்திலேயே 1893இல் ஒரு விலங்கியல் காட்சிசாலை திறந்தது. பாடம் செய்த விலங்குகளும் பறவைகளும் சுற்றிலும் நிற்க, பார்ப்பவர்கள் நடுவில் நின்று காட்டையும் கடற்கரையையும் கண்டார்கள். அமெரிக்காவில் கார்ல் ஏக்லி என்பவர் 1890இல், நீரில் வாழும் மஸ்க்ராட் என்ற எலியினத்தை அதன் வளையோடும் குளத்தோடும் சேர்த்து ஒரு பெட்டிக்குள் அமைத்தார். மில்வாக்கி நகரத்தில் அது இன்றும் இருக்கிறது. நியூயார்க்கில் 1936இல் திறந்த ஆப்பிரிக்க மண்டபம் அவர் மனத்தில் உருவானதே. அது திறக்கும் முன்பே, 1926இல், காங்கோ காட்டில் அவர் இறந்துவிட்டார். விலங்குகளின் டயோரமா தனிக் கதை. அதை இத்துடன் விடுவோம்.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். ஸ்கான்சென் தொடக்க காலத்தில், வடகோடியில் கலைமான் மேய்த்து வாழும் சாமி இன மக்களையே அழைத்துவந்து, கூடாரம் போட்டுத் தங்க வைத்திருந்தார்கள். நகரத்தார் கட்டணம் கொடுத்து உள்ளே வந்து அவர்களைப் பார்த்தார்கள். ஆவி பிரிந்த குழந்தைக்காக உருகிய அதே கண்கள், உயிரோடிருந்த மனிதரை வேடிக்கைப் பொருளாகப் பார்த்தன. இது நம் மனத்துக்கு ஒப்பவில்லை.

இன்னொரு கேள்வியும் உண்டு. யாருடைய வீடு அங்கே போயிற்று? தொடக்கத்தில் போனவை பெரும்பாலும் சொந்த நிலம் வைத்திருந்த குடியானவர்களின் வீடுகள். சித்திர வேலைப்பாடும் நல்ல உறுதியும் உள்ளவை. சுவீடனில் இவர்களுக்கும் கீழே 'ஸ்டாட்டாரே' என்று ஒரு கூட்டம் இருந்தது. பெரிய பண்ணைகளில் ஆண்டு ஒப்பந்தத்தில் வேலை செய்த குடும்பங்கள் அவை. கூலியில் பெரும்பகுதி தானியம், பால், உருளைக்கிழங்கு, விறகு என்று பொருளாகவே கிடைக்கும். கணவனை வேலைக்கு எடுத்தால், மனைவி பண்ணை மாடுகளைக் கறக்கவேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் சேர்ந்தே வரும். பொழுது விடியும் முன்பே எழுந்து பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடவேண்டும். அந்த வேலைக்கு 'வெள்ளைச் சவுக்கு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அக்டோபர் மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடியும். தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த பண்ணைக்குப் போவார்கள். அவர்கள் குடியிருந்ததோ நீண்ட ஒரே கட்டடம். குடும்பத்துக்கு ஓர் அறையும் ஓர் அடுப்படியும்.

கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களுக்கு இது எந்த வீடு என்று நாம் விளக்கத் தேவையில்லை. விடியலில் பெரட்டுக்குப் போனவர்களுக்கும், பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு நிரைக்கு ஓடியவர்களுக்கும் அந்தக் கட்டடம் நன்றாகவே தெரியும். தேசமும் குளிரும்தான் வேறு.

அந்தக் குடும்பங்களில் பிறந்த ஈவார் லூ யோஹான்சன் என்ற எழுத்தாளர் அவர்களுடைய வாழ்க்கையைக் கதைகளாக எழுதி நாட்டுக்குக் காட்டினார். சங்கமும் போராடியது. 1945ஆம் ஆண்டு அந்த ஒப்பந்தமுறை ஒழிந்தது. அதன் பிறகுதான் அப்படிப்பட்ட ஒரு நீண்ட கட்டடம் ஸ்கான்சென் குன்றின்மேல் ஏறியது. மாளிகையும் தேவாலயமும் நிற்கிற அதே குன்றின்மேல்.

பிரிட்டனிலும் இந்த மாற்றம் வந்தது. வேல்ஸ் நாட்டில் கார்டிஃப் நகரத்துக்கு அருகே செயின்ட் ஃபேகன்ஸ் திறந்தவெளி அரும்பொருளகம் 1948இல் தொடங்கியது. முதலில் அங்கேயும் பண்ணை வீடுகள்தாம். மெர்தர் டிட்ஃபில் என்ற இரும்புத்தொழில் ஊரில், இரும்புக்கல் தோண்டும் தொழிலாளிகளுக்காக 1800ஐ ஒட்டிக் கட்டிய ஒரு வரிசை வீடுகள் இருந்தன. 1979இல் வெள்ளம் புகுந்து அவை குடியிருக்க முடியாதவையாகின. அவற்றுள் ஆறு வீடுகளைக் கல் கல்லாகப் பெயர்த்துக் கொண்டுவந்து, 1987இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

அங்கே செய்த ஏற்பாடு அருமையானது. ஆறு வீடும் ஒரே அளவு, ஒரே சுவர். ஆனால் முதல் வீட்டுக்குள் நுழைந்தால் 1805ஆம் ஆண்டு, அடுத்தது 1855, பிறகு 1895, 1925, 1955, கடைசி வீடு 1985. முதல் வீட்டில் சாமான் மிகக் குறைவு. வீட்டுக்கு வீடு அடுப்பு மாறுகிறது, விளக்கு மாறுகிறது, சுவரில் தொங்கும் படம் மாறுகிறது. கடைசி வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி இருக்கிறது. 180 ஆண்டுகளைப் பத்து நிமிடத்தில் நடந்து கடந்துவிடலாம். அந்த ஊருக்கு இரும்பால் பெரும் செல்வம் சேர்த்த முதலாளியின் மாளிகையைப் பார்த்தால் இது தெரியாது.

இங்கிலாந்தின் வடபகுதியில் ஃபிராங்க் அட்கின்சன் என்பவர் 1970இல் பீமிஷ் அரும்பொருளகத்தை உருவாக்கினார். நிலக்கரிச் சுரங்க நாடு அது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. மக்கள் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வோம், இது தேவை இது தேவையில்லை என்று இப்போதே பிரிக்கமாட்டோம் என்று அவர் அறிவித்தார். துணி துவைக்கும் இயந்திரம், கடைத் தட்டு, ரயில் வண்டி என்று வந்த சாமான்களை வைக்க இடமில்லாமல், பழைய ராணுவக் குடில்களில் அடுக்கினார்கள். படித்தவர்கள் சிலருக்குக் குப்பையாகத் தோன்றியிருக்கும். கொடுத்தவர்களுக்கு அது தாத்தாவின் விளக்கு.

நம்மவர்களிடையேயும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இலங்கையின் மலைநாட்டில், கம்பளைக்கு அருகே, தேயிலைத் தோட்டத்துப் பழைய லயன் அறைகளையே 2007இல் தொழிலாளர் அரும்பொருளகமாக ஆக்கியிருக்கிறார்கள். வீட்டைப் பெயர்த்துக் கொண்டுபோகும் வேலைகூட அங்கே இல்லை. நின்ற இடத்திலேயே நிற்கிறது. மலேசியாவிலோ எத்தனையோ தோட்டங்கள் செம்பனைக்கு மாறியும், துண்டாடப்பட்டும், வீடமைப்புப் பகுதிகளாகியும் போய்விட்டன. லயம் இடிந்த இடத்தில் கோயில் மரம் மட்டும் அடையாளமாக நிற்கும் ஊர்களை நீங்கள் அறிவீர்கள்.

அரும்பொருளகத்தார் ஒரு பொருளை வாங்கும்போது கேட்கும் கேள்விகளைச் சொல்லி முடிக்கிறோம். யாருடையது? எந்த ஊர்? எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை புழங்கியது? எப்படிப் பிடிப்பது, எந்தக் கையால்? அதை அந்த வீட்டார் என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள்? விடை தெரிந்தவர் இல்லாவிட்டால் 'பெயர் தெரியவில்லை' என்று சீட்டில் எழுதி அலமாரியில் வைத்துவிடுவார்கள். மூலையில் கிடக்கும் அந்த உளியைப் பற்றி இந்தக் கேள்விகளைக் கேட்கப் பாட்டி இன்னும் வீட்டில் இருந்தால், ஒரு பள்ளிப்பிள்ளையின் நோட்டுப் புத்தகமும் அரைமணி நேரமும் போதும்.