காய்ச்சலும் இதய வால்வும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட மருத்துவ உரை)



காய்ச்சல் கண்டால் மருந்துக்கடையில் நான்கு மாத்திரை வாங்கி விழுங்குவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அவ்வழக்கம் சில வேளைகளில் இதயத்திற்கே கேடாய் முடியும் என்பதை எடுத்துரைக்க விரும்புகிறேன்.

பல் ஈறு, தோலில் தோன்றும் கட்டி, நீரிழிவு நோயாளியின் காற்புண், டயாலிசிஸுக்காகப் பொருத்திய குழாய் முதலியவற்றின் வழியே பாக்டீரியாக்கள் இரத்தத்தில் கலக்கக்கூடும். பெரும்பாலும் உடலின் எதிர்ப்பாற்றல் அவற்றை அழித்துவிடும். ஆயினும், பழுதுற்ற வால்வோ செயற்கை வால்வோ இருப்பின், அங்கே ஒட்டிக்கொண்டு பெருகும். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமி நல்ல வால்வையும் தாக்க வல்லது. நாளடைவில் வால்வு அரிக்கப்பட்டு இரத்தம் பின்னோக்கிக் கசியும்; இதயம் தளரும். வால்வில் படிந்த கிருமித் திரளின் துணுக்கு உடைந்து மூளையை அடைந்தால் பக்கவாதம் நேரும். இந்நோய்க்கு எண்டோகார்டைட்டிஸ் என்று பெயர். 1885இல் வில்லியம் ஆஸ்லர் என்னும் மருத்துவ மேதை இலண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளில் இதனை விரிவாக விளக்கினார். 1940களில் பென்சிலின் பயனுக்கு வரும்வரை இதிலிருந்து பிழைத்தவர் மிகச் சிலரே.

சிறுவயதில் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல், வால்வைப் பழுதாக்கிவிடுவதுண்டு. நம் நாட்டில் இளவயதினரும் இந்நோய்க்கு ஆளாவதற்கு அதுவும் ஒரு காரணமாகும்.

விடாத காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு, மூச்சுத்திணறல் ஆகியன இதன் அறிகுறிகள். பிளட் கல்ச்சர் எனும் இரத்தப் பரிசோதனையும் எக்கோ பரிசோதனையும் நோயைக் காட்டித்தரும். ஆனால், முன்னதாகவே அரைகுறையாய் ஆன்டிபயாடிக் உட்கொண்டிருந்தால், இரத்தப் பரிசோதனையில் கிருமி வெளிப்படாமல் போகலாம். நோயோ உள்ளே வளரும். உரிய காலத்தில் கண்டறிந்தால், பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் நரம்பின் வழியே மருந்து செலுத்திக் குணப்படுத்த இயலும். சிலருக்கு அறுவை சிகிச்சையும் தேவைப்படும்.

ஆகவே, பல்லையும் ஈறையும் தூய்மையாகப் பேணுங்கள். பிள்ளைகளின் தொண்டைப்புண்ணை அலட்சியம் செய்யாதீர்கள். செயற்கை வால்வு பொருத்தியவர்களும், இந்நோய் முன்பு கண்டவர்களும், பல் பிடுங்குமுன் அதனை மருத்துவரிடம் கூறித் தடுப்பு மருந்து பெற வேண்டும். வால்வுக் கோளாறு உள்ளவர்கள் காய்ச்சல் கண்டால், தாமாக மாத்திரை உட்கொள்ளாமல் மருத்துவரை நாட வேண்டும். நம் வீட்டில் அத்தகையோர் எவரேனும் இருப்பின், இன்றே இதனை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.